நோயாளி மறுக்கிறார்

உட்காருங்க, உட்காருங்க. அந்தச் சேர் காலியாத்தான் இருக்குது. இருங்க, பையை எடுத்துக்கறேன்.

இல்லீங்க, அவரு எங்க அப்பா இல்லை. மாமனாரு. ஸ்கேனுக்கு உள்ள போயிருக்காரு. வந்தாலும் இந்தச் சேர்ல உட்காரமாட்டாரு, நீங்க தாராளமா உட்காருங்க. எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு சேர் விட்டுத்தான் உட்காருவாரு. நான் தண்ணி பாட்டிலை நீட்டினதை நீங்க பார்த்தீங்கல்ல? 'நீங்க குடிங்க'ன்னுட்டு, எந்திரிச்சுப் போயி அந்தக் குழாய்ல புடிச்சுக் குடிச்சாரு. மருமகளை யாராச்சும் 'நீங்க'ம்பாங்களா? முன்னாடியெல்லாம் 'அம்மிணி, நீ சாப்பிட்டயா'ம்பாரு. இப்ப ஒரு வருசமா 'வாங்க, போங்க'தான். கோவத்துல சொல்றதில்லீங்க. கோவமா இருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருக்கும்.

டாக்டர் வர நேரமாகுங்க. வார்டைப் பார்த்துட்டுத்தான் இங்க வருவாரு. எனக்குத் தெரியும். இந்த ஆஸ்பத்திரியில டாக்டருங்க முன்னாடி இருக்கற கம்ப்யூட்டர்ல ஓடறது எங்க கம்பெனி சாப்ட்வேர். அதுல டெம்ப்ளேட் போடறதுதான் என்னோட வேலை.

டெம்ப்ளேட்டுன்னா, எப்படிச் சொல்றது. நீங்க உள்ள போனா டாக்டர் உங்களைப் பத்தி எழுதணும் இல்லீங்களா? என்ன தொந்தரவு, எத்தனை நாளா, சக்கரை இருக்குதா, பீடி சிகரெட் உண்டா, வயித்தைத் தொட்டா எப்படி இருக்குது, என்ன மருந்து, என்ன புத்திமதி. முன்னெல்லாம் சீட்டுல கிறுக்கிருவாங்க. இப்ப அத்தனையையும் ஒவ்வொரு ஆளுக்கும் கம்ப்யூட்டர்ல அடிச்சுட்டு இருந்தா பொழுது போயிரும். அதனால நாங்க முன்கூட்டியே ஒரு பக்கத்தைச் செஞ்சு வெச்சுருவோம். அச்சாபீஸ்ல கல்யாணப் பத்திரிகைக்கு எல்லாத்தையும் கோத்து வெச்சுட்டு, பேரையும் தேதியையும் மட்டும் மாத்துவாங்க பாருங்க, அந்த மாதிரி. டாக்டர் 'கல்லீரல்'னு ஒரு பட்டனை அமுக்கினாப் போதும், பக்கம் பூராவும் தானா நிரம்பிக்கும். மாத்த வேண்டியதை மட்டும் அவரு மாத்திக்கணும்.

மாத்திக்கணும். அதுதாங்க விசயம்.

நான் நர்ஸா இருந்தவ. குழந்தை பொறந்ததுக்கு அப்பறம் ராத்திரி டூட்டி ஒத்துவரலை. டாக்டருங்க என்ன எழுதுவாங்க, எப்படி எழுதுவாங்கன்னு தெரிஞ்ச ஆளு வேணும்னு கம்பெனியில எடுத்துக்கிட்டாங்க. நல்லாத்தான் செஞ்சேன். சத்தியமாச் சொல்றேன். 'ரேணுகா, உன் டெம்ப்ளேட்டு வந்ததுல இருந்து நான் மத்தியானம் சாப்பிடப் போறேன்'னு ஒரு டாக்டர் சொன்னாரு. அந்த மெயிலை எங்க மேனேஜர் எல்லாருக்கும் அனுப்பி வெச்சாரு. டாக்டருங்க கேட்டதையெல்லாம் செஞ்சு குடுத்தேன். பட்டன் அமுக்கற வேலையைக் குறைன்னாங்க, குறைச்சேன்.

மாமனாரைப் பத்தித்தானே கேட்டீங்க. பேரு நாச்சிமுத்து. கவர்மெண்டு பஸ் டிரைவருங்க. பொள்ளாச்சியில இருந்து வால்பாறை ரூட்டு. நாப்பது கொண்டை ஊசி வளைவு. பனியில முன்னால போற வண்டி தெரியாது, யானை நின்னா நின்னதுதான். அதுல ஊர் சனத்தை ஏத்திட்டுப் போயி ஏத்திட்டு வந்தவரு. ரிட்டையராகி, அத்தையும் போனதுக்கு அப்பறம் எங்களோடதான் இருந்தாரு. எம் பொண்ணு மிருதுவை மொபெட்ல வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது அவருதான். அவ தாத்தா முதுகுல சாஞ்சு தூங்கிருவான்னு ஒரு துண்டை எடுத்து ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்குவாரு. பார்க்கச் சிரிப்பா இருக்கும்.

போன வருசம் அவருக்குக் கால் வீங்குச்சு. வயிறும் உப்பிக்கிட்டு வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் தயாளன் இங்க கூட்டிட்டு வந்தாரு. எனக்கு அன்னைக்கு வேற ஆஸ்பத்திரியில புதுசா சாப்ட்வேர் ஆரம்பிக்கற நாளு, வர முடியலை. இவரு வண்டி நிறுத்த இடம் தேடிட்டு இருந்தப்ப டோக்கன் கூப்பிட்டுட்டாங்க. மாமா தனியா உள்ள போயிட்டாரு. கல்லீரல் சுருங்கிப் போச்சுன்னு பெரிய டாக்டர் சொல்லி, மருந்து எழுதி அனுப்பிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து அவரு ஃபைலை நான் திறந்து பார்த்தேன். பார்க்கக்கூடாதுங்க. வேலைக்காகத் திறக்கலாம், சொந்தக்காரங்களோடதைத் திறக்கக்கூடாது. அக்கறையிலதான் பார்த்தேன். அதுல இருந்துச்சு. இங்கிலீஷ்லதான் இருக்கும், நான் தமிழ்ல சொல்றேன். 'மது: உண்டு. தினமும். பல வருடங்களாக.'

வீட்ல ஒரு நாள்கூட அவரு அப்படி வந்ததில்லை. ஆனா நான் நர்ஸு பாருங்க. வார்டுல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். பொண்டாட்டி முன்னாடி 'தொட்டதே இல்லை'ம்பாங்க, அவங்க வெளிய போனதும் டாக்டர்கிட்ட 'தினமும்தாங்க சார்'ம்பாங்க. மாமா தனியாத்தானே உள்ள போனாரு? அதான் உண்மையைச் சொல்லிட்டாருன்னு நினைச்சேன். அதைவிட எனக்கு என்ன அத்தாட்சி வேணும்? டாக்டரோட ரெக்கார்டுல இருக்குது.

வெட்கமாப் போச்சுங்க எனக்கு. நான் வேலை பார்க்கற இடத்துல, என் மாமனாரு பேருல இப்படி இருக்குதேன்னு. எங்க ஆபீஸ்ல யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு. அப்ப எனக்கு வந்த வெட்கம் அந்த வெட்கம்.

முதல்ல மொபெட்டை நிறுத்தினேன். 'மிருது இனிமே வேன்ல போகட்டுங்க மாமா'ன்னேன்.

'ஏன் அம்மிணி, நான் மெதுவாத்தானே ஓட்டறேன்?'ன்னாரு.

'ஃப்ரெண்ட்ஸுக வேன்ல போறாங்களாம், அவளும் ஆசைப்படறா'ன்னேன். அவ ஆசைப்படவே இல்லை. வேன்ல போக மாட்டேன்னு அழுதா. மாமா வண்டியைக் கழுவித் தொடைச்சு, படுதாவைப் போட்டு மூடிட்டாரு.

அப்பறம் வேவு பார்க்க ஆரம்பிச்சேன். சொல்லவே கூசுது, ஆனா சொல்லிர்றேன். அவரு துண்டை மோந்து பார்த்தேன். தண்ணி பாட்டிலை மோந்து பார்த்தேன். தலகாணிக்கு அடியில, பீரோவுல, பாத்ரூம் மேல இருக்கற பரண்ல எல்லாம் கையை விட்டுத் துழாவினேன். ஒன்னும் இல்லை. வாசமே இல்லை. அதுதான் என் சந்தேகத்தை அதிகமாக்குச்சு, எவ்வளவு சாமர்த்தியமா மறைக்கறாருன்னு. சட்டைப் பையில கிராம்பு இருந்துச்சு. 'பல்லு வலி'ன்னாரு. ஓஹோ, பல்லு வலியான்னு நினைச்சுக்கிட்டேன். சாயங்காலமானா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயி பழைய டிரைவருங்களோட உட்கார்ந்து டீ குடிச்சுட்டு வருவாரு. டீயான்னு யாருக்குத் தெரியும்?

அடுத்த தடவை நானே கூட்டிட்டு வந்தேன். பெரிய டாக்டர் ஊர்ல இல்லை, ஒரு சின்ன டாக்டர்தான் இருந்தாரு. ஸ்கிரீனைப் பார்த்துட்டே, 'குடியை விட்டுருங்க பெரியவரே, இல்லைன்னா மருந்து வேலை செய்யாது'ன்னாரு.

மாமா, 'நான் குடிக்கறதில்லீங்க சார்'ன்னாரு.

'எப்ப விட்டீங்க?'

'விடறதுக்குத் தொட்டிருந்தாத்தானுங்களே?'

அந்த டாக்டர் திரும்பி என்னையப் பார்த்தாருங்க. வீட்டு ஆளுங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கறது டாக்டருங்க வழக்கம்தான். மாமாவும் என்னையப் பார்த்தாரு. நீ சொல்லு அம்மிணிங்கற மாதிரி. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பையோட ஜிப்பைத் திறந்து மூடிட்டு இருந்தேன்.

அன்னைக்கும் ஃபைலைத் திறந்து பார்த்தேன். பழைய வரி அப்படியே இருந்துச்சு, அதுகூட இன்னொரு வரி சேர்ந்திருந்துச்சு. 'நோயாளி மறுக்கிறார்.' ஆஸ்பத்திரி பாசையில அதுக்குக் கெட்ட அர்த்தம் ஒன்னும் இல்லீங்க. 'இல்லைன்னு சொல்றார்', அவ்வளவுதான். ஆனா நீங்க படிச்சா என்ன நினைப்பீங்க? திருடினவன் இல்லைங்கற மாதிரித்தானே இருக்குது?

நான் தயாளன்கிட்ட சொன்னேன். அவரு நம்பலை. 'எங்கப்பாவா? சும்மா இரு'ன்னாரு. 'ரெக்கார்டுல இருக்குதுங்க. அவரு வாயாலயே சொல்லியிருக்காரு. நான் இந்த வேலையிலயேதானே இருக்கேன், எனக்குத் தெரியாதா?'ன்னேன். சொல்லிட்டே இருந்தேன். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது. ஒரு மனுசன் எத்தனை தடவை கேட்டும் நம்பாம இருப்பான்?

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். மாமா வெளிய போயிட்டு வந்தாரு. வாசப்படி ஏறும்போது காலு தடுமாறி செவுத்தைப் புடிச்சாரு. அந்த நோவுல உடம்பு அப்படித்தாங்க இருக்கும், தளர்ந்து போயிரும். எனக்கு அது தெரியும். பாடத்துல படிச்சிருக்கேன். இருந்தாலும் நான் என்ன பண்ணேன்? தயாளனைத் திரும்பிப் பார்த்தேன். 'பார்த்தீங்களா'ங்கற மாதிரி.

இவரு எந்திரிச்சுப் போயி, 'அப்பா, கொஞ்சம் ஊதுங்க'ன்னாரு.

'என்னத்தைடா தயா?'

'வாயை ஊதுங்கப்பா.'

மலை வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டிப்போவுல டிரைவருங்களை ஊதச் சொல்லுவாங்க. மாமாவுக்கு அது தெரியாததா? செருப்பைக் கழட்டிட்டு வந்து, ரெண்டு கையையும் பின்னால கட்டிட்டு, மகன் மூஞ்சிக்கு நேரா ஊதினாரு. மேலதிகாரி முன்னாடி நிக்கற மாதிரி. இவரு மூஞ்சி வெளுத்துப்போச்சு. மாமா என் பக்கம் திரும்பினாரு.

'அம்மிணி, நீயும் பார்த்துக்கறயா?'ன்னாரு.

அவரு என்னைய கடைசியா 'நீ'ன்னு சொன்னது அதுதாங்க.

வேண்டாம்னு சொல்லியிருக்கணும். காலைப் புடிச்சிருக்கணும். நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? கிட்டப் போனேன். போயிப் பார்த்தேன். டீ வாசம்தான் வந்துச்சு, ஏலக்காய் போட்ட டீ. அப்பவும் எனக்குப் புத்தி வரலீங்க. இன்னைக்குக் குடிக்கலை போலிருக்குதுன்னு நினைச்சேன். இன்னைக்குன்னு நினைச்சேன் பாருங்க.

மறுநாள் காலையில ஒரு பையை எடுத்துட்டு, உடுமலையில இருக்கற மக பூங்கொடி வீட்டுக்குப் போயிட்டாரு. சண்டை இல்லை, சத்தம் இல்லை. 'பூங்கொடி ரொம்ப நாளா கூப்பிடறா'ன்னு மட்டும் சொன்னாரு.

அதுக்கு அப்பறம் கொஞ்ச நாள் கழிச்சு ஆபீஸ்ல ஒரு மீட்டிங். ஆஸ்பத்திரிகள்ல இருந்து வந்த புகாரையெல்லாம் ஒரு பையன் படிச்சுட்டு இருந்தான். அதுல ஒன்னு, ஏழாங்கிளாஸ் படிக்கற பொம்பளைப் புள்ளை, மஞ்சக்காமாலைன்னு வந்திருக்குது. அதோட ஃபைல்ல 'மது: உண்டு. தினமும். பல வருடங்களாக'ன்னு இருக்குதாம். அவங்கப்பா சண்டைக்கு வந்துட்டாராம். எல்லாரும் சிரிச்சாங்க. 'பால்வாடியிலயே ஆரம்பிச்சிருச்சு போல'ன்னு ஒருத்தன் சொன்னான். நானும் சிரிச்சேன். நல்லாச் சத்தமாத்தான் சிரிச்சேன். சிரிச்சுட்டு இருக்கும்போதே அந்த வரி காதுல விழுந்துச்சு. அதே வரி. ஒரு எழுத்து மாறலை.

என் சீட்டுக்கு வந்து கல்லீரல் டெம்ப்ளேட்டைத் திறந்தேன். நான் செஞ்சதுங்க அது. என் பேரு போட்டிருந்துச்சு. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நீங்க பார்க்க வந்திருக்கற அதே பெரிய டாக்டர்தான் கேட்டாரு. 'என்கிட்ட வர்ற கல்லீரல் கேஸுல பத்துக்கு ஒன்பது குடிகாரன். ஒவ்வொருத்தனுக்கும் நான் போயி மது உண்டுங்கற கட்டத்தை அமுக்கணுமா? நீயே போட்டு வெச்சுரு. குடிக்காதவன் வந்தா நான் எடுத்து விட்டுக்கறேன்.' சரிங்க டாக்டர்னு போட்டு வெச்சேன். மாமா போன அன்னைக்குக் கூட்டமா இருந்திருக்கும். எடுத்து விடலை. எடுத்து விடாததை அடுத்த டாக்டர் நம்பிட்டாரு. சரி, அவங்களுக்கு என் மாமாவைத் தெரியாது. நானும் நம்பினேன். நானே எழுதி வெச்சதை நானே படிச்சு, நானே நம்பி, அந்த மனுசனைப் போயி மோந்து பார்த்தேன்.

அவருக்கு வந்தது சக்கரையினால வந்ததுங்க. சக்கரை இருக்கறவங்களுக்குக் கல்லீரல்ல கொழுப்புச் சேர்ந்து அப்படி ஆகும். குடிக்கவே வேண்டியதில்லை. பெரிய டாக்டர்கிட்ட வந்து சொன்னப்ப அவரே ஒத்துக்கிட்டாரு. 'சாரி ரேணுகா, அவசரத்துல போயிருச்சு'ன்னாரு. திருத்தம்னு ஒரு வரி போட்டுக் குடுத்தாரு. பழைய வரியை அழிக்க முடியாதுங்க, சட்டப்படி அழிக்கக்கூடாது. மேல ஒரு கோடு விழும். கோட்டுக்கு அடியில தெரிஞ்சுட்டுத்தான் இருக்கும்.

உடுமலைக்குப் போனேன். நான் மட்டும்தான் போனேன். தயாளன் வரலை. 'நீதானே சொன்னே'ன்னாரு, அவ்வளவுதான். பூங்கொடி கதவைத் திறந்து விட்டுட்டு உள்ள போயிட்டா, ஒரு வாய் தண்ணி குடிக்கறயான்னு கேட்கலை. கேட்காதது நியாயம்தான். மாமா டிவி பார்த்துட்டு இருந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். டெம்ப்ளேட்டுன்னா என்னன்னு உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு.

'அப்ப அந்த டாக்டரு என்னையப் பார்க்கறதுக்கு முன்னாடியே நான் குடிகாரன்னு அதுல இருந்துச்சா?'ன்னாரு.

'இருந்துச்சுங்க மாமா.'

'அதை எழுதினது நீங்களா?'

'ஆமாங்க மாமா.'

டிவி பக்கம் திரும்பிக்கிட்டாரு. 'அப்ப நான் வாயைத் தொறந்திருக்கவே வேண்டியதில்லை'ன்னாரு. அப்பறம், 'பூங்கொடி, அண்ணிக்கு ஒரு டீ வெய்யி'ன்னாரு. திட்டியிருந்தாப் போதுங்க. அந்த டீயை எப்படிக் குடிச்சேன்னே தெரியலை.

வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். 'இங்க காத்து நல்லாயிருக்குது'ன்னாரு. ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்னோட வர்றாரு, இங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்கறதால. நானும் ஒவ்வொரு தடவையும் கூடவே உள்ள போயி, 'இவரு குடிக்கமாட்டாருங்க டாக்டர், அது கம்ப்யூட்டர் தப்பு'ன்னு முதல்லயே சொல்லிர்றேன். ஸ்கேன் ரூம் பொண்ணுகிட்டயும் சொன்னேன், ரத்தம் எடுக்கறவங்ககிட்டயும் சொன்னேன். 'எதுக்குங்க இதெல்லாம்'ம்பாரு மாமா. தெரிஞ்சிருக்கட்டுங்க மாமாம்பேன். என்னால முடிஞ்சது அதுதானே?

டெம்ப்ளேட்டா? உடனே மாத்திட்டேனே. அந்தக் கட்டத்தைக் காலி பண்ணி விட்டேன், கேட்டுத்தான் நிரப்பணும்னு. ரெண்டு மாசம் ஓடுச்சு. அப்பறம் டாக்டருங்க கிட்ட இருந்து ஒரே புகாரு, வேலை ஜாஸ்தியாகுதுன்னு. மேனேஜர் கூப்பிட்டாரு. வேணும்கற டாக்டர் மட்டும் முன்னாடியே நிரப்பி வெச்சுக்கற மாதிரி ஒரு வசதி செஞ்சு குடுத்திரலாம்னாரு. செஞ்சு குடுத்தாச்சு. யாரு செஞ்சதுன்னா, நான்தான். வேலைங்க. நான் செய்யலைன்னா வேற யாராச்சும் செய்வாங்க. இந்த டாக்டரும் அதைப் போட்டுக்கிட்டாருன்னுதான் நினைக்கறேன்.

என்னையப் பத்தியே பேசிட்டு இருக்கேன் பாருங்க. நீங்க யாருக்குப் பார்க்க வந்திருக்கீங்க? வீட்டுக்காரருக்கா? அந்தா, தூண் பக்கத்துல நிக்கறாரே, அவரா? ரொம்ப மெலிஞ்சிருக்காருங்களே. என்ன, கல்லீரலா? குடிப்பாருங்களா?

ஐயோ. மன்னிச்சுக்கங்க. உங்க மூஞ்சியே மாறிப்போச்சு. நினைச்சுக் கேட்கலீங்க, வாயில அதுவா வந்துருச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. எந்திரிக்காதீங்க, உட்காருங்க.

இதோ, மாமா வந்துட்டாரு. மாமா, ஸ்கேன் முடிஞ்சுதுங்களா? டாக்டர் இன்னும் வரலீங்க. இவங்க வீட்டுக்காரரைக் காட்ட வந்திருக்காங்களாம். சும்மா பேசிட்டு இருந்தோம்.

"வணக்கமுங்க. நாச்சிமுத்துங்க. வால்பாறை ரூட்டுல டிரைவரா இருந்தனுங்க. எனக்குக் குடிப்பழக்கமெல்லாம் இல்லீங்க."